ராத்திரி மாத்திரையை எங்கே வைத்துப் போடுவது? (கொச்சி – சான் பிரான்சிஸ்கோ பயண நேரம்)

கரிமண்காடு:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு ஆடி மாதம் பிரசவம். அதற்காக அம்மா போகிறார், தனியாக. வயது 66. இதுவரை அதிகபட்சம் திருப்பதி வரை போயிருக்கிறார், அதுவும் டூரிஸ்ட் பஸ்ஸில் தெருக்காரர்களோடு. டிக்கெட் போட்டாயிற்று. நெடும்பாசேரியில் (கொச்சி விமான நிலையம்) ஏறி, துபாயில் மாறி, சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வேண்டும்.

என் குழப்பம் இதுதான். தூரமும் நேரமும் கணக்குப் போட்டுத் தரும் ஒரு தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டேன். 14,354 என்று காட்டியது. அதற்குக் கீழேயே 8,919 என்றும் 7,751 என்றும் இருக்கிறது. பறக்கும் நேரம் 18 மணி 20 நிமிடமாம். டிக்கெட்டில் 21 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. அதே டிக்கெட்டில் கொச்சியில் விடிகாலை 4:30-க்குக் கிளம்பி, அதே தேதியில் மதியம் 1:40-க்கு இறங்குவதாகவும் போட்டிருக்கிறது. விரல் விட்டு எண்ணினால் 9 மணி 10 நிமிடம்தான் வருகிறது.

தூரம் எத்தனை இருந்தால் எனக்கென்ன, நானா ஓட்டப்போகிறேன்? அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒரு செட், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செட் மாத்திரை. கைப்பையில் எத்தனை வேளைக்குக் கட்டிக் கொடுப்பது? எந்த நேரத்தை நம்புவது?

ஷார்ஜாக்காரன்:

தம்பி, மூன்று எண்ணும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகள் கடல் மைலில்தான் பேசுவார்கள். அது 1.852 கி.மீ.

நேரத்தை விட்டுவிடு. வளைகுடாவில் பதினெட்டு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், வீட்டிலிருந்து வீடு வரை கணக்குப் போடு.

பனங்காட்டு நரி:

18 மணி 20 நிமிடம் என்பதெல்லாம் சும்மா. கொச்சியிலிருந்து அங்கே நேர் விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு எப்படி நேரம் சொல்கிறார்கள்?

நூல்கண்டு:

நரி சொல்வது சரி. அந்தத் தளம் எந்த அட்டவணையையும் பார்ப்பதில்லை. இரண்டு ஊருக்கும் இடையே உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோட்டைப் போட்டு, மணிக்கு 500 மைல் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துவிடும். 8,919-ஐ 500-ஆல் வகுங்கள், 17 மணி 50 நிமிடம் வரும். அரை மணி கூட்டினால் 18:20. அவ்வளவுதான் சூத்திரம். காற்று, மலை, போர், துபாயில் காத்திருப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

டிக்கெட்டில் இருக்கும் 21:40 உண்மையான கணக்கு. கொச்சி–துபாய் 4 மணி 10 நிமிடம், துபாயில் காத்திருப்பு 1 மணி 40 நிமிடம், துபாய்–சான் பிரான்சிஸ்கோ 15 மணி 50 நிமிடம். இதில்கூடப் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை எண்ணுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் உள்ளே அடக்கம்.

கரிமண்காடு:

நன்றி அண்ணா. அப்போ அந்த 9 மணி 10 நிமிடம்?

நூல்கண்டு:

அது சுவர்க் கடிகாரம் செய்யும் வேலை. ஜூலையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். 9:10-ஓடு 12:30-ஐக் கூட்டிப் பாருங்கள், 21:40 வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்போது வித்தியாசம் பதிமூன்றரை. அம்மாவிடம் போனில் பேசும்போது இதை மறந்தால் நடு ராத்திரியில் எழுப்புவீர்கள்.

பனங்காட்டு நரி:

எனக்கு ஒரு சந்தேகம். மேப்பைத் திறந்து பார்த்தால் கொச்சிக்கு மேற்கே ஆப்பிரிக்கா, அப்புறம் அட்லாண்டிக், அப்புறம் அமெரிக்கா. அமெரிக்காவின் அந்தக் கோடியில் கலிபோர்னியா. நேர்கோடாக மேற்கே போனால் ஆயிற்று. எல்லாரும் எதற்கு வடக்கே ஏறி இறங்குகிறார்கள்? எரிபொருள் மிச்சமாகிறது என்று கதை விடுகிறார்கள்.

சித்தூர் டீச்சர்:

நரி தம்பி, மேப்பைப் பார்த்ததுதான் தப்பு. உருண்டையைத் தட்டையாக்கி ஒட்டின தாள் அது. மேலே கீழே எல்லாம் இழுத்து நீட்டியிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் செய்து காட்டுவதை வீட்டில் செய்து பாருங்கள். பூகோள உருண்டை இல்லாவிட்டால் நல்ல உருண்டையான தர்பூசணி போதும், ஊர்களை மையால் குறித்துக்கொள்ளலாம். தையல் நூலின் ஒரு முனையைக் கொச்சியில் வைத்து அழுத்துங்கள், மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் மேற்கே போகவே போகாது, வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறும். நம் தலைக்கு மேலே, நேபாளத்தின் நடுவே, திபெத், மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடலோரம் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். அந்தத் தளம் சொன்ன 14,354 கி.மீ. இந்த நூலின் நீளம்.

பசங்களிடம் இதைச் செய்தால் முதலில் நூலைப் பிடித்து மேற்கே இழுத்துத்தான் பார்ப்பார்கள். அது தானாக நழுவும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நூல்கண்டு:

டீச்சர் என் பெயரைக் காப்பாற்றிவிட்டார்!

ஒன்று சேர்க்கிறேன். அந்த நூல் மேல் அப்படியே எந்தப் பயணி விமானமும் போகாது, திபெத்தான் காரணம். உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறக்க வேண்டும், மேலிருந்து தொங்கும் ஆக்சிஜன் முகமூடி கொஞ்ச நேரம்தான் தாங்கும். திபெத்தில் தரையே நாலு கி.மீ.க்கு மேல் இருக்கிறது. எங்கே இறக்குவது? அதனால் குறுகிய வழி தாளில் மட்டும்தான்.

உங்கள் அம்மா போகும் வழி இன்னும் வேடிக்கையானது. துபாய் ஏறக்குறைய 55 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை, சான் பிரான்சிஸ்கோ 122 டிகிரி மேற்கு. கூட்டினால் 177, அரை வட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதாவது இரண்டும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம். நூலை இழுத்தால் வட துருவத்துக்கு வெறும் இருநூறு கி.மீ. பக்கத்தில் போகும். தூரம் 13,041 கி.மீ. அன்றன்றைக்குக் காற்றையும் வான் அனுமதியையும் பார்த்துக் கொஞ்சம் இப்படி அப்படி வளைப்பார்கள், ஆனாலும் துருவப் பிரதேசம்தான்.

கரிமண்காடு:

துருவமா? அம்மாவிடம் சொல்லவா வேண்டாமா? சொன்னால் இன்னும் இரண்டு ஸ்வெட்டர் வாங்கச் சொல்வார்.

ஷார்ஜாக்காரன்:

ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், துருவத்துக்காக அல்ல, உள்ளே ஏசிக்காக. வெளியே குளிருக்குக் கவலைப்பட வேண்டியது எரிபொருள்தான். சாதாரணமாகப் போடும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். துருவப் பக்கம் அந்த அளவுக்குச் சில்லிட்டால் விமானத்தைக் கொஞ்சம் கீழே இறக்குவார்கள், இல்லை வேகத்தைக் கூட்டுவார்கள், சூடு ஏறிவிடும். எங்கள் கம்பெனியில் விமான எரிபொருள் வண்டி ஓட்டின கொல்லங்கோட்டுக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பீளமேட்டுப் பயணி:

கேட்காமல் ஒரு யோசனை. கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு எதற்கு நெடும்பாசேரி வரை போகிறீர்கள்? வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். பீளமேடு விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து நேரே சான் பிரான்சிஸ்கோ.

பனங்காட்டு நரி:

சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. அமெரிக்கா போக சிங்கப்பூரா? மூக்கைச் சுற்றி வாயைத் தொடுவதா?

பீளமேட்டுப் பயணி:

தூரம் அதிகம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கோவை–சிங்கப்பூர் ஏறக்குறைய 3,160 கி.மீ., அங்கிருந்து இன்னும் 13,600. மொத்தம் பதினாறாயிரத்து எழுநூற்றைம்பது. துபாய் வழியில் 2,780-ம் 13,041-ம் சேர்த்து 15,800 சொச்சம்தான். ஆயிரம் கி.மீ. கூட. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிழக்கே பசிபிக்கைத் தாண்டும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். சுமார் 15 மணி நேரத்தில் போய்விடும். கோவை–சிங்கப்பூர் நாலரை. ஆக வானத்தில் இருப்பது பத்தொன்பதரை. துபாய் வழியில் 20. தூரம் கூடுதல், நேரம் குறைச்சல். அதே சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்போது பதினேழு மணி நேரம் தாண்டும், அது வேறு விஷயம்.

பனங்காட்டு நரி:

காற்றா? பூமி சுற்றுவதால் அல்லவா? பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, அப்போ மேற்கே போனால்தான் ஊர் எதிரே வந்து சீக்கிரம் சேர வேண்டும். தலைகீழாகச் சொல்கிறீர்களே.

சித்தூர் டீச்சர்:

பூமி சுற்றும்போது காற்றும் கூடவே சுற்றுகிறது. இல்லாவிட்டால் பூமத்திய ரேகையில் நிற்பவனுக்கு மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கும்.

நரி தம்பி, நீங்கள் சைக்கிளில் கோபாலபுரத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு ஆடி மாதம் வந்திருப்பீர்கள்தானே? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று வரும்போது மிதித்து மிதித்துச் சாவோம். திரும்பிப் போகும்போது மிதிக்கவே வேண்டாம், சேலை பின்னாலிருந்து பாய் விரித்த மாதிரி முன்னால் தள்ளும். ரோடு அதே ரோடு, தூரமும் அதேதான். மார்கழி, தையில் கிழக்கேயிருந்து அடிக்கும், எல்லாம் மாறிவிடும். விமானத்துக்கும் அதேதான் கணக்கு. அது காற்றுக்குள் ஒரே வேகத்தில்தான் போகிறது, தரைக்கு மேலே என்ன வேகம் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது.

நூல்கண்டு:

இதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை முதலில் அட்லாண்டிக் வழியாக ஓட்டியது. சுமார் 13,900 கி.மீ., பதினாறு மணிக்கு மேல் பிடித்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகிவிட்டது, ஆனால் பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது. ஆயிரத்து நானூறு கி.மீ. கூடுதலாகப் போய் இரண்டு மணி நேரம் மிச்சம்!

இது ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் ஆறு மாதிரி ஓடும் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயம் இந்தக் காற்று தள்ளின தள்ளில் நியூயார்க்–லண்டன் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. சாதாரணமாக ஆறு, ஏழு மணி ஆகும்.

இதை முதலில் அளந்தவர் ஜப்பானின் வசபுரோ ஓய்ஷி. பலூன் விட்டு விட்டு அளந்து, 1926-இல் எழுதியும் வைத்தார், எஸ்பெராண்டோ மொழியில்! உலகம் பூராவும் படிக்கட்டும் என்று பொது மொழியில் எழுதினார், யாருமே படிக்கவில்லை. நல்ல எண்ணத்துக்கு இப்படியும் நடக்கும்.

ஷார்ஜாக்காரன்:

இது எனக்குத் தெரியும். கொச்சி–ஷார்ஜா போகும்போது நாலேகால் மணி, வரும்போது நாலுக்குள். லீவில் வரும்போது ஆசையில் சீக்கிரம் வருகிற மாதிரி தோன்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் டிசம்பரில் இருக்கும் வித்தியாசம் ஜூலையில் தெரிவதில்லை. ஏன்?

சித்தூர் டீச்சர்:

ஆஹா, இதைக் கேட்க யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியில் நம் பக்கம் கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று. தரையில் மேற்கிலிருந்து அடிக்கிறது, விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலேயும் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தென்னிந்தியாவுக்கு மேலே உருவாகும் காற்று அது. நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம்தான் அதை விளக்கி 1958-இல் எழுதினார். அதனால் மழைக்காலத்தில் கொச்சியிலிருந்து துபாய் பக்கம் போகும் விமானத்துக்கு எதிர்க்காற்றுத் தொல்லை குறைவு, சில நாள் உதவியே கிடைக்கும்.

கரிமண்காடு:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கெட் போட்டாயிற்று, இனி சிங்கப்பூருக்கு மாற்ற முடியாது. மாத்திரைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

வண்டித்தாவளம் அக்கா:

தம்பி, நான் சொல்கிறேன். என் மாமியாரை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவை நானே கூட்டிப்போனேன். இந்த ஆண்கள் காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். (டீச்சர், உங்களைச் சொல்லவில்லை.)

ஒரு பழைய கைக்கடிகாரம் எடுங்கள், முள் இருக்கிறதாக. அம்மா கையில் கட்டுங்கள். அதைத் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை யாரும் தொடக்கூடாது, ஊர் நேரத்திலேயே ஓடட்டும். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், அதை நம்பினால் மாத்திரை குளறுபடியாகிவிடும்.

வீட்டிலிருந்து எப்போது கிளம்புகிறீர்கள்?

கரிமண்காடு:

4:30-க்கு விமானம். மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும் என்றால் 1:30. நெடும்பாசேரிக்கு நூற்றிருபது கி.மீ. சுமாருக்கு இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று நினைக்கிறேன்.

ஷார்ஜாக்காரன்:

பத்து சரி, அதற்கு மேலே தாமதம் வேண்டாம். குதிரான் சுரங்கம் 2021-இல் திறந்ததிலிருந்து வடக்கஞ்சேரி–மண்ணுத்தி பெரிய தொல்லை இல்லை. அதற்கு முன்னால் அந்த மலையேற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று ஒரு தடவை விமானத்தையே விட்டிருக்கிறேன். துபாய் மூன்று மணி நேரத் தூரம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், எனக்கு அன்றைக்குத் துபாய் இரண்டு நாள் தூரம். இப்போது சாலக்குடிப் பக்கம் ரோடு வேலை எதுவும் நடக்கிறதா என்று மட்டும் முந்தின நாள் கேட்டுக்கொள்.

வண்டித்தாவளம் அக்கா:

சரி. இப்போது ஊர் நேரத்திலேயே எண்ணுங்கள். ராத்திரி எட்டுக்குச் சாப்பிட்டு, ஒரு செட் மாத்திரை வீட்டிலேயே போட்டாயிற்று. பத்துக்கு வண்டி. 4:30-க்கு விமானம். விடிந்ததும் உள்ளேயே டிபன் தருவார்கள். காலை எட்டு மணி மாத்திரை துபாயில் இறங்கும் முன்பே, டிபன் வயிற்றில் இருக்கும்போதே போட்டுவிடலாம். 8:40-க்கு இறங்குகிறார், அங்கே கடிகாரம் 7:10 காட்டும், அதைப் பார்க்கவே வேண்டாம். 10:20-க்கு அடுத்த விமானம். அதற்குள்ளே ராத்திரி எட்டு மணி வரும். மறுநாள் ஊர் நேரம் விடிகாலை 2:10-க்கு அங்கே தரையிறங்குகிறார். குடியேற்ற வரிசை, பெட்டி, ஃப்ரீமாண்ட் வரை கார், எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். ஊரில் விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா தங்கச்சி வீட்டு வாசலில்.

ராத்திரி பத்திலிருந்து அடுத்த நாள் தாண்டி விடிகாலை ஐந்து. முப்பத்தொரு மணி நேரம். அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். வழியில் இரண்டு வேளை மாத்திரை. நீங்கள் ஆறு வேளைக்குக் கட்டிக் கொடுங்கள், விமானம் தாமதமானால் கை கொடுக்கும். மிச்சத்தையும் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள், மருந்துச் சீட்டோடு.

கரிமண்காடு:

9, 18, 21, 31! அக்கா, நீங்கள் ஒருத்தர்தான் அம்மாவைக் கணக்கில் எடுத்தீர்கள்.

நூல்கண்டு:

அக்கா கணக்கைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. ஊர் நேரம் ராத்திரி எட்டு என்றால் இரண்டாவது விமானம் கிளம்பி 9 மணி 40 நிமிடம். துபாயிலிருந்து வட துருவம் சுமார் 7,200 கி.மீ. விமானம் போகும் வேகத்துக்கு அதை எட்டரை மணியில் தாண்டிவிடும். ஆக அம்மா ராத்திரி மாத்திரை போடும்போது துருவம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்புறம், அது ராத்திரியாகவும் இருக்காது. ஜூலையில் துருவத்தில் சூரியன் மறைவதில்லை. துபாய்க்குப் போகும் வழியில் விடிகிற பகல், சான் பிரான்சிஸ்கோவில் சாயந்திரம் எட்டரைக்குத்தான் முடியும். இருபத்தாறு மணி நேரத்துக்கு ஒரே பகல்.

வண்டித்தாவளம் அக்கா:

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து ராத்திரி மாதிரி பண்ணிவிடுவார்கள். ஏறினதும் ஒரு சாப்பாடு, இறங்கும் முன் ஒரு சாப்பாடு. நடுவில் பெரிய இடைவெளி. சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுத் தூங்கிவிட்டால் ஆபத்து. எட்டு மணிக்கு முன்னால் ஏதாவது கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள், இல்லை பிஸ்கட், அவல் எதையாவது கையில் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டரிடம் இந்த முப்பத்தொரு மணிக் கணக்கை எழுதிக் காட்டுங்கள், நான் சொன்னதை வைத்து மட்டும் முடிவு பண்ண வேண்டாம்.

சக்கர நாற்காலி உதவி டிக்கெட்டிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடக்க முடிந்தாலும் பரவாயில்லை. 1 மணி 40 நிமிடத்தில் அந்தப் பெரிய விமான நிலையத்தில் இவர்கள் வழி கண்டுபிடிக்க மாட்டார்கள். என் மாமியாரை வழியில் ஒரு இடத்தில் நாற்காலியோடு ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அழைத்துப்போக ஆள் வரவே இல்லை. போர்டிங் பாஸைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ‘சான் பிரான்சிஸ்கோ, சான் பிரான்சிஸ்கோ’ என்று கத்தியிருக்கிறார், காட்டுச்சாலை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி. யாரோ ஒரு மலையாளிப் பையன் கொண்டு போய் விட்டான். உங்கள் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், பேசாமல் உட்காரக் கூடாது.

ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேரே சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விடும், துபாயில் எடுக்க வேண்டாம்.

ஷார்ஜாக்காரன்:

அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்து அனுப்புவார்கள், இறங்கினதும் உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே வரலாம். துபாயில் அது கிடையாது. கைரேகை, கேள்வி எல்லாம் சான் பிரான்சிஸ்கோவில்தான். தங்கச்சி வீட்டு முகவரியும் போன் நம்பரும் ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கழுத்துப் பையில் போட்டுவிடு.

கறிவேப்பிலை வைக்காதே, அங்கே தடை. எந்தச் சாப்பாட்டுச் சாமானானாலும் ‘ஆமாம், இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும். நம்மூரில் கை வைத்த இடமெல்லாம் கொப்பரை, அதையும் பெட்டியில் போட விடமாட்டார்கள். எண்ணெய்ப் பொருள், தீப்பிடிக்கும்.

பனங்காட்டு நரி:

நான் தர்பூசணி வாங்கி நூல் இழுத்துப் பார்த்தேன். வடக்கேதான் போகிறது. தர்பூசணி நாற்பது ரூபாய், டீச்சர் தர வேண்டும்.

சித்தூர் டீச்சர்:

தின்றீர்கள் அல்லவா? கணக்கு சரியாகிவிட்டது.

கரிமண்காடு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அம்மா போய்ச் சேர்ந்தார். முப்பத்தொன்று அல்ல, முப்பத்திரண்டே கால் மணி நேரம். குடியேற்ற வரிசை நீளமாம்.

டாக்டரிடம் அக்கா எழுதின கணக்கை அப்படியே காட்டினேன். வழி முழுக்க ஊர் நேரப்படியே போடச் சொன்னார், போன பிறகு எப்படி மெல்ல மாற்றுவது என்று தனிச்சீட்டில் எழுதித் தந்தார். அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து அம்மா கையில் கட்டினேன். தாங்காமல் நின்றுவிடுமோ என்று பயம், தினமும் சாவி கொடுக்கிற கடிகாரம். மாத்திரை போடும்போதெல்லாம் சாவியும் கொடுக்கச் சொல்லியிருந்தேன், அப்படியே செய்திருக்கிறார். மாத்திரை ஒவ்வொன்றையும் சிறு தாளில் மடித்து, மேலே ‘ஊர் நேரம் ராத்திரி 8’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

எட்டு மணிக்கு உள்ளே கும்மிருட்டாம். தாளில் இருப்பதைப் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலைத் தூக்கியிருக்கிறார். மூஞ்சியில் சுள்ளென்று வெயில். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைக் கூசிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாராம். அம்மா கடிகாரத்தைக் காட்டி, மாத்திரையைக் காட்டி, வாயைக் காட்டியிருக்கிறார். அவரே ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்துக் கொடுத்தாராம். கீழே களத்தில் பஞ்சைக் கொட்டிப் பரப்பின மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது என்றார். அது துருவம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த கேள்வி: ஜனவரியில் திரும்புகிறார். அதற்கும் கணக்குப் போட வேண்டும்.

சித்தூர் டீச்சர்:

ஜனவரியில் துருவத்தில் சூரியனே கிடையாது. வழியில் பெரும்பகுதி இருட்டுதான், இந்தத் தடவை ஜன்னலைத் தூக்கினால் யாரும் திட்டமாட்டார்கள். டார்ச் ஒன்று கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

வண்டித்தாவளம் அக்கா:

அப்போது பதிமூன்றரை மணி நேர வித்தியாசம், மறந்துவிட வேண்டாம். தேதியும் தாண்டும். டிக்கெட்டில் இருக்கும் நேரங்களை இங்கே போடுங்கள் தம்பி, உட்கார்ந்து எண்ணலாம். குழந்தை என்ன?

கரிமண்காடு:

பெண் குழந்தை, அக்கா. அங்கே செவ்வாய், இங்கே புதன். எந்தக் கிழமையைச் சாதகத்தில் எழுதுவது என்று வீட்டில் சண்டை நடக்கிறது.